பெயர்ப் பட்டியலில்தான் எல்லாம் இருக்கிறது

'அ = 3, ஆ = 5 எனில், 2அ + ஆ என்ற கோவையின் மதிப்பைக் காண்க.' எட்டாம் வகுப்பைத் தாண்டிய எவரும் இதற்கு 11 என்று விடை சொல்லிவிடுவார்கள். அதே கேள்வியின் முன்பாதியை மறைத்துவிட்டுக் கேட்டால் கணிதப் பேராசிரியராலும் சொல்ல முடியாது. கோவையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அ எது, ஆ எது என்று சொல்லும் பட்டியல்தான் காணாமல் போயிருக்கிறது.

பள்ளிக் கணக்கில் அரை வரியில் முடிந்துவிடும் இந்தப் பட்டியல், மென்பொருள் உலகில் ஒரு பெரிய வடிவமைப்புக் கேள்வி. அங்கே அதற்கு 'கான்டெக்ஸ்ட்' என்று பெயர். நாம் சூழல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு கோவை என்ன விடை தரும் என்பதை மட்டுமன்றி, அந்தக் கோவையால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதையும் சூழலே தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கவனிக்காமல் விட்டதால் திறந்த ஓர் ஓட்டை வழியாக, 2017இல் 14 கோடிக்கும் மேற்பட்டோரின் சொந்த விவரங்கள் களவு போயின. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், கோவைகள் மென்பொருளுக்குள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

குட்டி மொழி எதற்கு?

இணையக் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 5000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி. அடுத்த வாரம் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பண்டிகைக்கு வேறொரு விதி. ஒவ்வொரு முறையும் நிரலாளர்கள் உட்கார்ந்து நிரலைத் திருத்தி, சோதித்து, சர்வரில் ஏற்றிக்கொண்டிருந்தால் பண்டிகையே முடிந்துவிடும். அதனால் விற்பனை மேலாளரின் திரையில் ஒரு பெட்டியை வைத்து, அதில் அவரே விதியை எழுதிக்கொள்ள வழிசெய்கிறார்கள்:

தொகை > 5000 மற்றும் வாடிக்கையாளர்.ஆண்டுகள் >= 2

இந்த ஒற்றை வரியைப் புரிந்துகொள்ளும் குட்டி மொழிதான், பெரிய நிரலுக்குள் குடியிருக்கும் கோவை மொழி. இதற்கு முழுநீள நிரல் எழுதும் ஆற்றல் தேவையில்லை. ஒரு கணக்கைப் போடவும், ஒரு நிபந்தனையைச் சரிபார்க்கவும் தெரிந்தால் போதும். எக்செல் கட்டத்துக்குள் நாம் தட்டும் சூத்திரம் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த உறவினர். ஜாவா உலகில் ஸ்பிரிங் கட்டமைப்புடன் வரும் 'ஸ்பெல்', ஸ்ட்ரட்ஸ் கட்டமைப்பு பயன்படுத்தும் 'ஓஜிஎன்எல்', கூகுள் உருவாக்கிய 'சிஇஎல்' ஆகியவை அதே குடும்பம்.

குட்டி மொழியைத் தன்னுள் வைத்திருக்கும் பெரிய நிரலைத் தாய் நிரல் என்போம். 'தொகை' என்ற பெயருக்குப் பின்னால் எந்த எண் இருக்கிறது என்பது தாய் நிரலுக்குத்தான் தெரியும். கோவையை மதிப்பிடச் சொல்லும்போது கூடவே ஒரு பட்டியலையும் அது கொடுக்கிறது: தொகை என்றால் 6200, வாடிக்கையாளர் என்றால் இன்னார். அந்தப் பட்டியலே சூழல்.

மெக்கார்த்தியின் ஜோடிகள்

இந்த ஏற்பாட்டுக்கு வயது 60க்கு மேல். லிஸ்ப் மொழியை விளக்கி ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரையில், எந்த லிஸ்ப் கோவையையும் மதிப்பிடக்கூடிய ஒரு செயற்கூற்றை லிஸ்ப் மொழியிலேயே எழுதிக் காட்டினார். அதற்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று கோவை, மற்றொன்று பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக அமைந்த பட்டியல். மெக்கார்த்தி இதைக் கோட்பாட்டு விளக்கமாகவே எழுதியிருந்தார். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் அதை அப்படியே ஐபிஎம் 704 கணினியின் இயந்திர மொழிக்கு மாற்றி ஓடவிட, லிஸ்ப் நிஜமான மொழியாகிவிட்டது.

இன்றைய கோவை மொழிகளும் ஏறத்தாழ அதே வழியில்தான் நடக்கின்றன. நம் தள்ளுபடி விதி முதலில் ஒரு மரமாகப் பிரிக்கப்படுகிறது. உச்சியில் 'மற்றும்'; அதன் இடக் கிளையில் '>', வலக் கிளையில் '>='; இலைகளில் எண்களும் பெயர்களும். மதிப்பீடு இலையிலிருந்து மேலேறுகிறது. இலையில் 5000 இருந்தால் வேலை எளிது. 'தொகை' என்ற பெயர் இருந்தால் பட்டியலைப் புரட்ட வேண்டும்.

மரத்தை ஒருமுறை கட்டினால் போதும். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுவது பட்டியல் மட்டுமே. அதனால் நன்றாக வடிவமைத்த மொழிகளில் மரமும் பட்டியலும் தனித்தனிப் பொருள்களாக இருக்கும். ஒரே மரத்தை ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். பட்டியலை மட்டும் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பட்டியலையும் பொதுவில் வைத்தால், ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய 'தொகை' இன்னொருவருடைய கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே ஆள் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கூட்டம் சேரும்போதுதான் வெளியே வரும்.

பட்டியலுக்குள் பட்டியல்

ஒரே ஒரு பட்டியல் என்றால் சிக்கலே இல்லை. ஆனால் 'கூடையில் உள்ள ஒவ்வொரு பொருளின் விலையும் 100க்கு மேலா?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்போது ஒவ்வொரு பொருளையும் குறிக்க ஒரு தற்காலிகப் பெயர் தேவை. அந்தப் பெயர் கேள்விக்குள் மட்டும் உயிரோடு இருந்து, கேள்வி முடிந்ததும் மறைய வேண்டும். ஆக, வெளிப் பட்டியலின் மேல் ஓர் உள் பட்டியல் ஏறுகிறது. பெயரைத் தேடுவது உள்ளிருந்து தொடங்கி வெளியே போகும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் உள்ளே இருப்பதே செல்லும்.

எந்த வெளிப் பட்டியல் என்பதில்தான் பழைய வழக்கு ஒன்று உண்டு. விலையோடு வரி சேர்த்துத் தரும் ஒரு செயற்கூறு இருக்கிறது; அது 'வீதம்' என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. அதை எழுதிய இடத்தில் வீதம் 18. தள்ளுபடி விதி ஒன்று இதை அழைக்கிறது. அந்த விதியிலும் 'வீதம்' என்றொரு பெயர் இருக்கிறது, அதன் மதிப்பு 10. இப்போது வரி எவ்வளவு? அழைத்த இடத்தின் பட்டியலைப் பார்த்தால் 10. எழுதிய இடத்தின் பட்டியலைப் பார்த்தால் 18. தொடக்க கால லிஸ்ப் அழைத்த இடத்தைத்தான் பார்த்தது. செயற்கூற்றையும் அது பிறந்த சூழலையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் 'குளோஷர்' என்ற கருத்தை 1964இல் பீட்டர் லேண்டின் முன்வைத்தார். ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் 1975இல் உருவாக்கிய ஸ்கீம் மொழி, லிஸ்ப் குடும்பத்தில் இந்த வழியை உறுதியாகப் பற்றிக்கொண்டது. இன்று பெரும்பாலான மொழிகள் எழுதிய இடத்தையே பார்க்கின்றன. காரணம் எளிது: யாரோ எங்கிருந்தோ அழைப்பதால் நான் எழுதிய கணக்கு மாறக் கூடாது.

உள்ளே பெயர் வைத்துக்கொள்ளும் வசதி இல்லாத மொழியில் எழுதுவது எவ்வளவு பாடு என்பது எக்செல்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அட்டவணையில் தேடித் தரும் 'வீலுக்கப்' சூத்திரம் ஒன்றை நீளமாகப் போட்டு, விடை பிழையா என்று பார்த்து, பிழை இல்லாவிட்டால் அதே வீலுக்கப்பை மறுபடியும் முழுதாகத் தட்டுவார்கள். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் கணக்கு அம்போ. எக்செல் வெளிவந்தது 1985இல். சூத்திரத்துக்குள்ளேயே ஒரு விடைக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் 'லெட்' வசதி வந்தது 2020இல்.

பெயர் இல்லாவிட்டால்?

விதியை எழுதியவர் 'தொகை' என்பதற்குப் பதில் 'தோகை' என்று தட்டிவிட்டார். பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை. என்ன செய்வது? எக்செல் முகத்துக்கு நேரே பெயர்ப் பிழை என்று கட்டத்தில் காட்டும். ஸ்பெல் மொழியில் பட்டியலில் வைக்காத மாறியைக் கேட்டால் 'வெறுமை' என்ற மதிப்பு கிடைக்கும். மதிப்பீடு ஓசைப்படாமல் மேலே போய்விடும். ஸ்ட்ரட்ஸை வெளியிடும் அப்பாச்சி அமைப்பின் ஜெக்ஸல் மொழியில் கண்டிப்பு வேண்டுமா, தாராளம் வேண்டுமா என்று தாய் நிரலே தேர்ந்தெடுக்கலாம்.

தாராளம் வசதியாகத் தோன்றும். ஆனால் வெறுமை ஒரு நிபந்தனைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் 'இல்லை' என்றே விடை வரும். தள்ளுபடி யாருக்கும் கிடைக்காது, பிழைச் செய்தியும் இருக்காது. சிஇஎல் இதைவிட முன்கூட்டியே பிடிக்கிறது. எந்தெந்தப் பெயர்கள் வரலாம், ஒவ்வொன்றும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று தாய் நிரல் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். 'தோகை' என்று எழுதிய விதியைச் சேமிக்கும்போதே தடுத்துவிடலாம். மதிப்பீடு வரை அது போகவே போகாது.

ஈக்விஃபாக்ஸில் நடந்தது

இதுவரை பார்த்தவை தவறான விடை தரும் சிக்கல்கள். இனி வருவது வேறு ரகம்.

ஈக்விஃபாக்ஸ் என்பது அமெரிக்காவில் தனிநபர்களின் கடன் வரலாற்றைத் திரட்டிவைக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. தங்கள் கடன் விவரத்தில் பிழை இருந்தால் மக்கள் முறையிடுவதற்கென அது நடத்திய இணையதளம், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் கட்டமைப்பில் இயங்கியது. ஸ்ட்ரட்ஸுக்குள் குடியிருந்த கோவை மொழி ஓஜிஎன்எல்.

பிரவுசர் எதையாவது அனுப்பும்போது, 'நான் அனுப்புவது இன்ன வகை' என்று தலைப்பில் ஒரு வரி சேர்க்கும். கோப்பு ஏற்றும்போது அந்த வரி ஒழுங்கற்று இருந்தால், ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச் செய்தி தயாரிக்கும். அந்தச் செய்திக்குள் தவறான வரியையும் அப்படியே ஒட்டிவிடும். பிறகு பயனரின் மொழியில் செய்தியைக் காட்டுவதற்கான பகுதிக்கு அதை அனுப்பும். அந்தப் பகுதிக்கோ, செய்தியில் குறிப்பிட்ட அடையாளக் குறிகளுக்குள் ஏதாவது இருந்தால் அதைக் கோவையாக எடுத்து மதிப்பிடும் பழக்கம் உண்டு. ஆக, உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும், கடவுச்சொல் எதுவும் இன்றி, தலைப்பு வரியில் ஒரு கோவையை எழுதி அனுப்பி சர்வரில் ஓடவைக்க முடிந்தது.

கோவை ஓடினால் மட்டும் என்ன ஆகிவிடும்? 2 + 3 என்று எழுதினால் 5 கிடைக்கும், அவ்வளவுதானே? இங்கேதான் சூழல் வருகிறது. ஓஜிஎன்எல் சூழலில் படிவத்தின் விவரங்கள் மட்டும் இல்லை. தாய் நிரலின் உள் உறுப்புகள் பலவும் அதில் பெயரோடு இருந்தன. ஆபத்தான ஜாவா வகுப்புகளைக் கோவை தொடக் கூடாது என்று ஸ்ட்ரட்ஸ் ஒரு தடைப் பட்டியல் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முடிவெடுக்கும் பொருளே சூழலுக்குள் ஒரு பெயராக இருந்தது. பழைய பதிப்புகளில் அந்தப் பெயருக்குக் கோவையே புது மதிப்பு கொடுக்கலாம். பிற்பாடு அந்த வழியை அடைத்தார்கள். தாக்கியவர்கள் சூழலில் இருந்த வேறொரு பெயரைப் பிடித்துச் சுற்றிப் போய், தடைப் பட்டியலை எடுத்து, அதைக் காலி செய்யச் சொன்னார்கள், அதுவும் காலியானது. வாசலில் காவலரை நிறுத்திவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை வருபவர் கையில் கொடுத்ததுபோல.

அதன் பிறகு சர்வரின் கட்டளைகளையே கோவை இயக்க முடிந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை 2017 மார்ச்சில் அப்பாச்சி வெளியிட்டது. ஈக்விஃபாக்ஸின் அந்தத் தளத்தில் அது போடப்படவில்லை. மே மாதம் தாக்கியவர்கள் உள்ளே நுழைந்தது ஜூலை இறுதியில்தான் தெரியவந்தது. செப்டம்பர் 7 அன்று நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை போயிருந்தன. 2019இல் அமெரிக்க அரசு அமைப்புகளுடன் எட்டிய உடன்பாட்டின்படி நிறுவனம் ஏற்ற தொகை குறைந்தது 57.5 கோடி டாலர்.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'திருத்தத்தை நேரத்துக்குப் போடவில்லை' என்ற இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அது நிர்வாகத்தின் தவறு. வடிவமைப்பின் தவறுகள் இரண்டு. வெளியாள் அனுப்பிய எழுத்தைக் கோவையின் உடம்பிலேயே ஒட்டியது ஒன்று. அந்தக் கோவைக்குத் தேவைக்கு மிஞ்சிய பெயர்களைக் கையில் கொடுத்தது மற்றொன்று. முதல் தவறு மட்டும் நடந்து, கோவையால் எட்ட முடிந்தது இரண்டே எண்களாக இருந்திருந்தால், தாக்கியவருக்கு ஒரு கூட்டல் கணக்குக்கு மேல் எதுவும் கிடைத்திருக்காது.

தடை போட்டுத் தடுக்க முடியுமா?

கெட்டதை மட்டும் தடுத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் முயன்றிருக்கிறார்கள். பைத்தான் மொழியில் ஒரு கோவையை மதிப்பிடும் 'ஈவல்' செயற்கூற்றுக்கு நாம் காலிப் பட்டியலைக் கொடுத்தாலும், மொழியின் உள்ளமைந்த செயற்கூறுகள் முழுவதையும் பைத்தான் தானாகவே அதில் சேர்த்துவிடும். அதையும் நினைவாக நீக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் கோவைக்குள் ஒரு வெற்று அடைப்புக்குறி ஜோடியை எழுதலாம். பைத்தானில் அதுவே ஒரு பொருள். அந்தப் பொருளிடம் 'உன் வகுப்பு எது?' என்று கேட்கலாம். அந்த வகுப்பிடம் 'உன் மூதாதை யார்?' என்று கேட்கலாம். மூதாதையிடம் 'உன் வாரிசுகள் அத்தனை பேரையும் காட்டு' என்று கேட்கலாம். நினைவகத்தில் ஏற்றப்பட்ட வகுப்புகள் பலவும் வரிசையாக வந்து நிற்கும். பெயரே இல்லாமல் ஊர் முழுக்கச் சுற்றிவந்தாயிற்று.

ஆகவே சூழல் என்பது பெயர்களோடு முடிவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கும் பொருளிலிருந்து புள்ளி வைத்துப் புள்ளி வைத்து எவ்வளவு தூரம் போக முடியுமோ, அவ்வளவும் சூழல்தான். கட்டுப்பாடுகளோடு நிரலை ஓடவிட பைத்தான் தந்திருந்த 'ரெக்ஸெக்' என்ற கூறு, 2003இல் வந்த 2.3 பதிப்பில் முடக்கப்பட்டது. வலைப்பக்கங்களுக்கான ஆங்குலர் ஜேஎஸ், தன் கோவைகளைச் சுற்றி வேலி போட்டிருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் அதைத் தாண்டும் வழியை யாராவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2016இல் 1.6 பதிப்பில் வேலியையே எடுத்துவிட்டார்கள். இருப்பதாக நம்பி ஏமாறுவதைவிட, இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது என்பதே காரணம்.

ஸ்பிரிங் குழுவினர் வேறொரு வழியைக் கண்டார்கள். ஸ்பெல் மொழிக்கு அவர்கள் இரண்டு வகைச் சூழல் தருகிறார்கள். 'ஸ்டாண்டர்ட்' சூழலில் எந்த ஜாவா வகுப்பையும் கூப்பிடலாம், புதுப் பொருள் படைக்கலாம். 2018இல் சேர்த்த 'சிம்பிள்' சூழலில் வகுப்புகளைக் கூப்பிடவோ பொருள் படைக்கவோ வழியில்லை. கொடுத்த தரவைப் படிக்கலாம், தாய் நிரல் இசைந்தால் மாற்றவும் செய்யலாம். நான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்பிரிங் குடும்பத்தின் இன்னொரு மென்பொருளான ஸ்பிரிங் கிளவுட் ஃபங்ஷனில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. வெளியிலிருந்து தலைப்பு வரியில் வரும் கோவையை அது ஸ்டாண்டர்ட் சூழலில் மதிப்பிட்டுக்கொண்டிருந்தது. திருத்தத்தின் சாரம், அப்படி வரும் கோவைக்குச் சிம்பிள் சூழலைக் கொடுப்பது. கோவை மொழியின் இலக்கணத்தில் கை வைக்கத் தேவைப்படவில்லை.

குறுகிய பட்டியலின் வலிமை

சிஇஎல் இந்தப் பாடத்தை அடித்தளத்திலேயே வைத்துக் கட்டிய மொழி. பெரிய சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் அது எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். ஓர் அமைப்பு விவரம் சரியா என்று சோதிக்கும் விதிக்கு அடிப்படையில் இரண்டே பெயர்கள் தரப்படுகின்றன: இப்போது வந்திருக்கும் மதிப்பு, அதற்கு முன்பிருந்த மதிப்பு. 'புதியது = பழையது' என்று விதி எழுதினால், ஒருமுறை வைத்த மதிப்பை அதன் பிறகு யாராலும் மாற்ற முடியாது. இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டே இவ்வளவு செய்யலாம். கோவையால் எதையும் எழுதவோ, கோப்பைத் திறக்கவோ, வலையில் யாரையும் அழைக்கவோ இயலாது. அதற்கான பெயர்கள் அங்கே இல்லை. முடிவில்லாமல் சுற்றும் வளையத்தை எழுதவும் இம்மொழியில் வழியில்லை. கணக்கு அளவுக்கு மீறி நீளுமானால் விதியை ஏற்கும்போதே குபெர்னெட்டிஸ் நிராகரித்துவிடும்.

நேரத்தை அது கையாளும் விதம் தனியாகச் சொல்லத் தக்கது. 'இப்போது மணி என்ன?' என்று கேட்கும் செயற்கூறு சிஇஎல்லின் அடிப்படைத் தொகுப்பில் கிடையாது. கூகுள் கிளவுடில் 'இந்தத் தேதி வரைக்கும்தான் அனுமதி' என்று விதி எழுத வேண்டுமானால், கோரிக்கை வந்த நேரம் ஒரு மாறியாகச் சூழலில் இருக்கும். அதோடு ஒப்பிட வேண்டும். எக்செல்லின் 'நவ்' செயற்கூற்றையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நவ் இருக்கும் தாளைத் திறக்கும்போதெல்லாம் விடை மாறும். நேரம் பட்டியலுக்குள் வந்துவிட்டால், பட்டியலைச் சேமித்துவைத்து, போன மாதம் ஒருவருக்கு அனுமதி ஏன் மறுக்கப்பட்டது என்பதை இன்றைக்கு அதே விடையோடு திரும்ப ஓட்டிக் காட்டலாம். வாடிக்கையாளர் வழக்குப் போட்டால் இது கைகொடுக்கும்.

வெளியாள் தரும் எழுத்துக்கும் இதே மருந்துதான். அதைக் கோவைக்குள் ஒட்டக் கூடாது. ஒரு பெயருக்குப் பின்னால் மதிப்பாக வைக்க வேண்டும். மதிப்பாக வந்த எழுத்துக்குள் எவ்வளவு தந்திரமான கோவை ஒளிந்திருந்தாலும், மதிப்பிடும் நிரலுக்கு அது வெறும் எழுத்துச் சரமே.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. பட்டியலைச் சிறிதாக வைத்தால், விதி எழுதுபவர்கள் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள்: கூடையின் எடை வேண்டும், வாடிக்கையாளரின் ஊர் வேண்டும், போன ஆண்டின் மொத்தம் வேண்டும். ஒவ்வொரு முறையும் தாய் நிரலின் ஆட்கள் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். இது மெனக்கெட்ட வேலை என்று, முழுத் தரவுப் பொருளையும் தூக்கிச் சூழலில் போட்டுவிடும் சபலம் வரும். அப்படிப் போட்ட அன்றைக்கே, அந்தப் பொருளின் ஒவ்வொரு உறுப்பையும் யாரோ ஒருவருடைய விதி பயன்படுத்தத் தொடங்கிவிடும். விதிகள் தாய் நிரலின் கோப்புகளில் இருப்பதில்லை. பயனர்களின் தரவுத்தளங்களில் கிடக்கின்றன. பிறகு ஒரு பெயரை மாற்றினாலோ எடுத்தாலோ யாருடைய விதி உடையும் என்று தேடிப் பார்க்கவும் வழி இருக்காது. சேர்த்த பெயரைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

எனவே இப்படிப்பட்ட மென்பொருள் ஒன்றைப் பரிசோதிக்க வருபவர், அதில் எழுதியிருக்கும் விதிகளைப் படிப்பதற்கு முன், அவற்றுக்குக் கொடுக்கப்படும் பெயர்ப் பட்டியலை, ஒவ்வொரு பெயரிலிருந்தும் எட்டக்கூடியவற்றோடு சேர்த்து, கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கினால், எந்த விதியை யார் எழுதினாலும் சேதம் அந்தப் பக்கத்தைத் தாண்டாது. பட்டியலை எழுதித்தரவே யாராலும் முடியவில்லை என்றால், விதிகளைப் படித்துப் பயன் ஒன்றும் இல்லை.